மக்பேலா குகையும் மல்லசந்திரத்துக் கல்வீடுகளும்: மூதாதையர் கல்லறைக்குப் பெயர் வைப்பது யார்?

போன எபிசோடு கேட்டுட்டு சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "எங்க ஊர் மலை மேல பாண்டவர் வீடுன்னு கல்லு கல்லா நிக்குது சார். படிச்சவங்க அதைச் சமாதிங்கிறாங்க. சரி, யாரோட சமாதி? பாண்டவங்க இங்க எங்க வந்தாங்க? மத்த நாட்டுல எல்லாம் பழைய சமாதி யாருதுன்னு எப்படி முடிவு பண்றாங்க?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் முதலில் வந்து நிற்கிறவர்கள் யூதர்கள். தங்கள் ஆதி முன்னோர் எங்கே புதைந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அவர்கள் அளவுக்கு எழுதி வைத்து, விவாதித்து, கதை சொல்லி வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால இன்னைக்கு எபிரோன் வரைக்கும் போய், ராமேஸ்வரத்துல கொஞ்சம் நின்னு, அப்புறம் சூளகிரி மலைக்கு வரப் போறோம். பெயர்களைத் தமிழ் பைபிளில் இருக்கிற மாதிரியே சொல்கிறேன், கேட்கப் பழக்கமாக இருக்கும்.

பத்திரம் போட்டு வாங்கின கல்லறை

யூதர்களின் தோராவில், அதாவது பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களில், ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் முழுக்க ஒரு நில வியாபாரம்தான். ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் எபிரோனில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் அந்த ஊர்க்காரர் இல்லை. வெளியூரிலிருந்து வந்து கூடாரம் போட்டுத் திரிகிறவர். பெண்டாட்டியைப் புதைக்கக் கையளவு இடம் கிடையாது. ஊர்க்காரர்களான ஏத்தியரிடம் போய், நான் உங்களுக்கு நடுவில் ஒரு பரதேசி, புதைக்க இடம் கொடுங்கள் என்று கேட்கிறார். நிலத்துக்காரன் பெயர் எப்பெரோன். அவன் சும்மாவே எடுத்துக்கோங்க என்கிறான். ஆபிரகாம் ஒப்புக்கொள்ளவில்லை. விலை சொல்லு என்கிறார். அவனும், நமக்குள்ள 400 சேக்கல் வெள்ளி என்ன பெரிய விஷயம் என்று பேச்சோடு பேச்சாக விலையைச் சொல்லிவிடுகிறான்!

ஓசூரில் மனை வாங்கினவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே புரியும். "உங்களுக்கு இல்லாததா, பாத்துக் குடுங்க" என்று ஆரம்பித்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியுமே.

ஆபிரகாம் பேரம் பேசவில்லை. ஊர் வாசலில் எல்லாரும் பார்க்க வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், அதிலிருக்கிற மக்பேலா என்ற குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு உறுதியாகிறது. கிரயப் பத்திரத்தில் கிணறு, மரம், பாதை என்று எழுதுவோமே, அந்த வாசனை அப்படியே இருக்கிறது. அந்த மண் முழுவதும் உன் சந்ததிக்குத் தருவேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் கையில் காசு கொடுத்து அவர் முதலில் வாங்கியது கல்லறைக்கான இடம்.

சாராளுக்குப் பிறகு ஆபிரகாம், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், யாக்கோபு என எல்லாரும் அதே குகைக்குள் போகிறார்கள். யாக்கோபின் இன்னொரு மனைவி ராகேல் மட்டும் வழியில் பிரசவத்தில் இறந்து, பெத்லகேம் போகும் பாதையோரம் புதைக்கப்பட்டாள். பிற்கால யூத அறிஞர்கள் இந்த விலைப் பேச்சை மறக்கவே இல்லை. இதை நீங்கள் திருடிக்கொண்டீர்கள் என்று யாரும் எங்களைப் பார்த்துச் சொல்ல முடியாத இடங்கள் மூன்று என்று ஒரு பழைய விளக்க நூலில் வருகிறது. எருசலேம் ஆலயம் நின்ற இடம், மக்பேலா, சீகேமில் உள்ள யோசேப்பின் கல்லறை. மூன்றுக்கும் காசு கொடுத்த கணக்கு வேதத்திலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பத்திரத்தை வைத்தே தல்மூத்தில் ஒரு கதை உண்டு. தல்மூத் என்பது யூத அறிஞர்களின் பல நூற்றாண்டு விவாதங்களைத் தொகுத்த பெரிய நூல். யாக்கோபு எகிப்தில் இறந்து, உடலை மக்பேலாவுக்குக் கொண்டு வருகிறார்கள். அண்ணன் ஏசா வழியை மறிக்கிறான். மீதியிருக்கிற இடம் என்னுடையது என்கிறான். நீதான் உன் பங்கை விற்றுவிட்டாயே என்கிறார்கள் யாக்கோபின் மகன்கள். பத்திரத்தைக் காட்டு என்கிறான் அவன். பத்திரமோ எகிப்தில் இருக்கிறது! வேகமாக ஓடக்கூடிய நப்தலி அதை எடுத்து வரப் புறப்படுகிறான். கூட்டத்தில் ஊசிம் என்று ஒரு பேரன். அவனுக்குக் காது கேட்காது. என்ன நடக்கிறது என்று கேட்கிறான். ஜாடையில் சொல்கிறார்கள். நப்தலி எகிப்து போய்த் திரும்பும் வரைக்கும் தாத்தா உடம்பு அவமானப்பட்டுக் கிடக்கணுமா என்று தடியை எடுத்து ஏசாவின் தலையில் ஒரே போடு. தலை உருண்டு குகைக்குள் போய்விட்டது என்றும், அதனால் ஏசாவின் தலையும் அங்கேதான் இருக்கிறது என்றும் இன்னொரு மரபு சேர்த்துக்கொள்கிறது. பங்காளிச் சண்டை தெரிந்த எந்த ஊரிலும் இந்தக் கதையைச் சொல்லலாம், மொழிபெயர்ப்பே வேண்டாம்.

எலும்பு ஊருக்குப் போகணும்

யாக்கோபு ஏன் எகிப்திலிருந்து இவ்வளவு தூரம் வர வேண்டும்? பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் அது. அங்கே மகன் யோசேப்பு அரசனுக்கு அடுத்த பதவியில் இருக்கிறான், வசதிக்குக் குறைவில்லை. இருந்தும் சாகும்போது கிழவர் கேட்டது ஒன்றுதான்: என்னை இங்கே புதைக்காதே, என் பிதாக்களோடு வை. யோசேப்பும் 110 வயதில் சாகும்போது அதையே கேட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தச் சத்தியம் பல தலைமுறை காத்திருந்தது. மோசே மக்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளம்பும்போது யோசேப்பின் எலும்புகளையும் எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் சீகேமில் அடக்கம் ஆனது.

சிப்காட் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒடிசாக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனபோது, கூட வேலை செய்த பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஃப்ரீசர் பெட்டி வைத்த ஆம்புலன்ஸ் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இங்கேயே முடித்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "அம்மா பாக்கணும்ல" என்றான் ஒரு பையன். அவ்வளவுதான் பேச்சு.

மோசேக்கு யோசேப்பின் பெட்டி இருந்த இடம் எப்படித் தெரிந்தது? தல்மூத் இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறது. அந்தத் தலைமுறையில் மிச்சமிருந்தவள் செராக் என்ற ஒரே ஒரு கிழவி. மோசே அவளிடம் போய்க் கேட்கிறார். எகிப்தியர்கள் உலோகப் பெட்டியில் வைத்து நைல் நதியில் இறக்கிவிட்டார்கள் என்று அவள் இடத்தைச் சொல்கிறாள். மோசே கரையில் நின்று யோசேப்பின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, பெட்டி மிதந்து மேலே வருகிறது. இந்தக் கிழவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படுவாள்.

இறந்தவர் தன் ஜனத்தாரோடு சேர்க்கப்பட்டார் என்று பைபிளில் அடிக்கடி வரும். அதைச் சும்மா ஒரு மங்கல வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய யூதேயாவில் பாறையில் குடைந்த குடும்பக் கல்லறைகள் இருந்தன. உடலைக் கல் திட்டில் கிடத்துவார்கள். சதை போனதும் எலும்புகளைப் பொறுக்கி, முன்னோர் எலும்புகளோடு ஒரே குழியில் சேர்ப்பார்கள். இயேசு காலத்து எருசலேமில் இதற்கென்றே சுண்ணாம்புக்கல் பெட்டிகள் செய்தார்கள். சேர்க்கப்பட்டார் என்றால் உண்மையிலேயே சேர்த்தார்கள். இதுவும் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

உள்ளே இருப்பது யார்?

மக்பேலா என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் இரட்டை என்று பொருள் சொல்வார்கள். எது இரட்டை என்பதில் தகராறு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை என்றார் ஓர் அறிஞர். மேலும் கீழுமாக இரண்டு என்றார் இன்னொருவர். ஜோடி ஜோடியாகக் கிடப்பதால் அந்தப் பெயர் என்றும் சொன்னார்கள். எபிரோனுக்கு கீரியாத் அர்பா என்று இன்னொரு பெயர் உண்டு, அர்பா என்றால் நான்கு. அப்படியானால் நான்கு ஜோடி வேண்டும். நம் கணக்கில் மூன்றுதான் வருகிறது. நான்காவது? ஆதாமும் ஏவாளும் என்று முடிவு செய்தார்கள். தோராவில் ஆதாம் எங்கே புதைக்கப்பட்டான் என்று ஒரு வரிகூட இல்லை. ஊர்ப் பெயரில் இருந்த ஒரு எண்ணிலிருந்து மனித குலத்தின் முதல் கல்லறைக்கு முகவரி கிடைத்துவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம்.

பனாகா என்ற ரப்பியைப் பற்றிய கதையும் இங்கேதான் நடக்கிறது. யூதர்களில் ஆசாரியக் குடும்பத்தார் பிணத் தீட்டுப் படக் கூடாது. அதனால் கல்லறைகளை அளந்து மேலே சுண்ணாம்பால் அடையாளம் போடும் வழக்கம் இருந்தது. இவர் அந்த வேலையாகப் போய் ஆபிரகாமின் குகைக்கு வருகிறார். வாசலில் ஆபிரகாமின் பழைய வேலைக்காரன் எலியேசர் நிற்கிறான். ஐயா என்ன செய்கிறார் என்று இவர் கேட்க, சாராளின் கையில் சாய்ந்து படுத்திருக்கிறார், அம்மா அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிறான். செத்துப் பல நூற்றாண்டு ஆனவர்களைப் பற்றி அன்றாடச் செய்தி மாதிரிச் சொல்கிறான் பாருங்கள். பனாகா உள்ளே போய் அளந்துவிட்டு வருகிறார். அடுத்து ஆதாமின் குகைக்குப் போகிறார். அங்கே மட்டும் வானத்திலிருந்து ஒரு குரல் தடுத்துவிடுகிறது. என் சாயலின் சாயலைப் பார்த்துவிட்டாய், என் சாயலையே பார்க்க உனக்கு அனுமதி இல்லை என்று.

இதே மரபில் நேர் எதிரான இன்னொன்றும் இருக்கிறது. மோசேயின் கல்லறை யாருக்கும் தெரியாது என்று தோராவே சொல்லிவிடுகிறது. ஆட்சியாளர்கள் ஆள் அனுப்பித் தேடினார்கள், மேலே நின்றவர்களுக்கு அது கீழே தெரிந்தது, கீழே நின்றவர்களுக்கு மேலே தெரிந்தது என்று தல்மூத் சொல்கிறது. அதைக் கோயிலாக்கிக் கும்பிட்டுவிடுவார்கள் என்றுதான் மறைக்கப்பட்டது என்று பிற்கால உரையாசிரியர்கள் சிலர் எழுதினார்கள். செத்தவர்களிடம் குறி கேட்கக் கூடாது என்பது தோராவின் கட்டளை. அதே சமயம், நாட்டை வேவு பார்க்கப் போன காலேப், எபிரோனுக்குத் தனியாகப் போய் முன்னோர் கல்லறையில் விழுந்து வேண்டிக்கொண்டான் என்பதும் தல்மூத்தில்தான் இருக்கிறது. இரண்டு இழுப்பும் கடைசி வரை தொடர்கிறது. நம் பக்கத்திலேயே கொச்சி மட்டாஞ்சேரியில், 1615-இல் இறந்த நெகேமியா மோத்தா என்ற யூதக் கவிஞரின் கல்லறை இருக்கிறது. அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு.

மக்பேலாவின் மேல் இன்று நிற்கும் பெரிய கல் மதில் ஏரோது காலத்தது. முஸ்லிம்களுக்கு அது இப்ராஹிமி பள்ளிவாசல். இப்ராஹிம் நபி அவர்களுக்கும் மூதாதை. 13-ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் காலத்தில் யூதர்கள் உள்ளே வரத் தடை வந்தது. வெளிப்படிக்கட்டில் ஏழாவது படி வரைதான் அனுமதி. 1967 வரைக்கும் அதே நிலை. 1929-இல் எபிரோன் நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1994-இல் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேற்றவாசி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு கட்டடத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே தாத்தாவின் சமாதிக்கு இரண்டு வாசல், இரண்டு பக்கமும் துப்பாக்கிக் காவல்.

இவ்வளவுக்கும் கீழே குகையில் இருப்பவர் யார் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. 1968-இல் தரையில் இருந்த குறுகலான துவாரம் வழியாக ஒரு சிறுமியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார்கள். பெரியவர்கள் நுழைய முடியாத அளவு ஓட்டை. அவள் பார்த்தது ஓர் அறை, ஒரு நடைவழி, சில கற்பலகைகள். ஆக அவர்களிடம் பெயர் இருக்கிறது, வம்சம் இருக்கிறது, விலைகூட இருக்கிறது. உடல் மட்டும் நம்பிக்கையில் இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் ஆபேல்

ஆதாமுக்குக் கல்லறை கிடைத்துவிட்டது. அவன் பிள்ளைகளுக்கு? காயீன் தம்பி ஆபேலைக் கொன்றான். அதுதான் உலகத்தின் முதல் சாவு. புதைப்பது என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாது. யூதக் கதை மரபு ஒன்றில், ஆதாமும் ஏவாளும் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். ஆபேலின் ஆட்டு மந்தையைக் காத்த நாய் இப்போது அவன் உடலைக் காத்துக்கொண்டிருக்கிறது. அப்போது துணையை இழந்த ஒரு காக்கை வந்து, மண்ணைப் பறித்து, செத்த காக்கையை அவர்கள் கண் முன்னாலேயே புதைக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆதாம் மகனைப் புதைத்தான். குர்ஆனிலும் அந்தக் காக்கை வருகிறது. அங்கே கற்றுக்கொள்பவன் கொலை செய்த அண்ணன்.

இப்போது ராமேஸ்வரத்துக்கு வாங்க. அங்கே ஆபில் காபில் தர்கா என்று ஒன்று இருக்கிறது. உள்ளே மிக நீளமான இரண்டு சமாதிகள். ஆதாம் சொர்க்கத்திலிருந்து இலங்கையில் இறங்கினார் என்பது முஸ்லிம் மரபு. இலங்கைக்கு எதிர்க்கரையில் பிள்ளைகளின் சமாதி இருப்பது அந்தக் கணக்குக்குப் பொருந்தி வருகிறது. டமாஸ்கஸ் பக்கத்து மலையிலும் ஆபிலுக்கு ஒரு சமாதி காட்டுகிறார்கள், அதுவும் நீளமானதுதான். ஆதி மனிதர்கள் உயரமானவர்கள் என்ற நம்பிக்கைதான் காரணம். பழைய யூத நூல்களிலும் ஆதாம் ராட்சத உயரம்.

தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நம்ம ஊரிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அக்னி தீர்த்தத்துக்குப் போய்த் திதி கொடுக்கிறார்கள். பிண்டம் வைத்துவிட்டுக் காக்கைக்குக் காத்திருக்கிறார்கள். அதே ஊரில், காக்கை பார்த்துச் சொல்லிக்கொடுத்த முதல் அடக்கத்தின் சமாதி என்று ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் சரித்திரத் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த முறை போகிறவர்கள் அந்த தர்காவையும் எட்டிப் பார்த்துவிட்டு வாங்க.

நம்ம மலை மேல

சரி, சூளகிரி. மல்லசந்திரத்துப் பாறைக்குன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் இருக்கின்றன. நாலு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக வெட்டின துளை, சுற்றிலும் கல் வட்டம். சிலவற்றின் உள்பக்கம் வெள்ளை நிற ஓவியங்களும் உண்டு. இவை இரும்புக் கால மக்களின் ஈமச் சின்னங்கள். தென்னிந்தியா முழுக்க இந்த வகைக் கல்லறைகளைத் தோண்டினபோது கருப்பு சிவப்புப் பானைகளும், இரும்புக் கத்தி, ஈட்டி முனைகளும் கிடைத்தன. பல இடங்களில் முழு உடல் இல்லை, பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்புகள். எருசலேமில் பார்த்த அதே முறை. இறந்தவர்களை எரிப்பது, புதைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து வகையை மணிமேகலை சுடுகாட்டு வருணனையில் சொல்கிறது. ஆக நம் முன்னோர் எல்லாரும் எரித்தார்கள் என்பது சரியில்லை.

பழமைக்கும் குறைவில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு வந்ததாக 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். யூத மரபின் ஆண்டுக் கணக்கில் ஆபிரகாம் பிறந்தது கி.மு. 1813 வாக்கில்.

எபிரோனில் உள்ளவர்களின் பெயர் தெரியும், உடல் தெரியாது. இங்கே உடல் வைத்த கல் கண்ணெதிரே நிற்கிறது, பெயர் போய்விட்டது. பெயர் போன இடத்தில் வேறு பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழில் பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு. எல்லை தாண்டினால் கன்னடத்தில் மோரியர் மனை. தெலுங்கில் ராக்ஷச குள்ளு, அதாவது ராட்சசர் கோயில். ஓசூரில் மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்குகிறது, மூன்றிலுமே இந்தக் கல்லுக்கு "எங்க தாத்தா" என்று ஒரு பெயர் இல்லை. வாசல் துளை சின்னதாக இருப்பதால் குள்ளர்கள், கல் பெரிதாக இருப்பதால் ராட்சசர்கள். ஆதாம் உயரம் என்பதால் சமாதி நீண்டதற்கு இது நேர் தலைகீழ்.

அதற்காகப் பாண்டவர் கதையைக் கேலி செய்யத் தேவையில்லை. பல இடங்களில் கல்லைப் பிழைக்க வைத்ததே அந்தப் பயமும் மரியாதையும்தான். நம் மாவட்டத்தில் நடுகல்லுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு வைத்த கல், எழுத்தோடு இருக்கும். எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போனது, வீரன் பெயர் மறந்தது. ஆனால் ஜனங்கள் அவனை வேடியப்பன் ஆக்கிப் பொங்கல் வைத்தார்கள். அதனால் அந்தக் கல் இன்றும் நிற்கிறது.

கல்திட்டைக்கு அந்தப் பொங்கல் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. கற்பலகை என்றாலே இங்கே விலைதான் முதலில் ஞாபகம் வரும். ஏற்கெனவே அறுத்து நிறுத்தின மாதிரி நிற்கும் பலகை துணி துவைக்கவும், வாய்க்கால் மேல் பாலம் போடவும் வசதி. புதையல் இருக்கும் என்று மூடுகல்லைப் புரட்டிப் போட்டவர்கள் தனி. உள்ளே தங்கம் இல்லை, உடைந்த பானையும் துருவும்தான். ஆனால் புரட்டியபின் அந்தக் கல்லறையிலிருந்து தெரிந்துகொள்ள மிச்சம் ஏதும் இருக்காது. ஓட்டுத் துண்டு கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம் எடுத்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். நடுகற்களையும் அங்கே நேரில் பார்க்கலாம்.

நேயருக்கு என் பதில் இதுதான். அந்தச் சமாதி யாருடையது என்று பெயர் சொல்ல இன்று யாராலும் முடியாது. மக்பேலாவுக்கு எப்பெரோன் வாங்கின வெள்ளி வரை கணக்கு இருக்கிறது, மல்லசந்திரத்துக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. ஆனால் அந்த மலையில் எத்தனை கல்வீடு நின்றது, எது எந்த வருஷம் போனது, எந்தப் பலகை யார் வீட்டு வாசலில் கிடக்கிறது என்பது தெரிந்த பாட்டிகள் ஊரில் இருக்கிறார்கள். செராக் மாதிரி. எண்பது வயது தாண்டின அவர்களை ஒருமுறை மலையடிவாரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், போன் ரெக்கார்டரை ஆன் பண்ணி, தெலுங்கோ கன்னடமோ தமிழோ, அவங்க பேசுற மொழியிலயே பேச விடுங்க. குறுக்க பேசாதீங்க.

அடுத்த எபிசோடில் வேடியப்பன் கல் ஒன்றில் இருக்கிற எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்ப்போம்.